ரேம் கூட்டினால் சைபர்பங்க் ஓடிவிடாது

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்ப் பையன்களின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘பழைய ஐ3 லேப்டாப்பில் கூடுதலாக 8 ஜிபி ரேம் போட்டால் சைபர்பங்க் 2077 கேம் சும்மா பறக்கும்.’ பறக்காது. 2023 முதல் அந்த கேம் கேட்கும் குறைந்தபட்சமே 12 ஜிபி ரேம், 6 ஜிபி மெமரியுள்ள ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு (கேமின் காட்சிகளை வரையும் தனிப் பாகம்), 70 ஜிபி இடமுள்ள எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்).

சரி, ரேமை ஒப்பேற்றிவிடலாம், கார்டு? விலை குறைந்த லேப்டாப்பில் கிராபிக்ஸ் வேலையும் பிராசசர் தலையில்தான். அதற்கென்று தனி மெமரி கிடையாது, இருக்கிற ரேமிலேயே பங்கு கேட்கும். பெரும்பாலான லேப்டாப்களில் பிறகு கார்டு சேர்க்கவும் வழியில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். ஜிபியு (கிராபிக்ஸ் வேலையைச் செய்யும் சிப்) என்ற இடத்தில் ‘இன்டெல் எச்டி’ மட்டும் இருந்தால், இந்த கேமுக்காக ரேம் வாங்கக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏற வேண்டாம்.