ஆர்டர் பக்கத்தில் ‘மார்க்கெட்’ ஏன் முதலிலேயே தேர்வாகி இருக்க வேண்டும்?

பங்கு வாங்கி விற்க நீங்கள் பயன்படுத்தும் செயலியில் ஆர்டர் போடும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘மார்க்கெட்’ தேர்வாகி இருக்கிறதா, ‘லிமிட்’ தேர்வாகி இருக்கிறதா? மார்க்கெட் என்றால் கிடைக்கிற விலைக்கு உடனே, லிமிட் என்றால் நீங்கள் சொல்லும் விலைக்கோ அதைவிட நல்ல விலைக்கோ மட்டும். நான் இதுவரை பயன்படுத்திய மூன்றில் இரண்டு, மார்க்கெட்டைத்தான் தானாகத் தேர்வு செய்து வைத்திருந்தன. சாதாரண முதலீட்டாளருக்குக் கொடுக்கும் மென்பொருளில் இப்படி இருக்கவே கூடாது என்பது என் கருத்து.

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். அதிகம் கைமாறாத ஒரு சிறிய நிறுவனத்தின் பங்குகள் 400 வைத்திருந்தேன். திரையில் விலை 212 என்று இருந்தது. சரி, விற்றுவிடலாம் என்று அழுத்தினேன். கண் மூடித் திறப்பதற்குள் ‘ஆர்டர் முடிந்தது’ என்று வந்தது. சராசரி விலை 201.45. ஏதோ தில்லுமுல்லு நடந்துவிட்டது என்று பதறிப்போய் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். பேசிய பெண் பொறுமையாக ஒரே கேள்விதான் கேட்டார்: “சார், மார்க்கெட் டெப்த் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. எந்த விலைக்கு எத்தனை பங்கு வாங்க, விற்க ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் அந்தப் பட்டியல் அதே பக்கத்தில் கீழே இருப்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன். 212 என்பது கடைசியாக யாரோ இருவர் கைமாற்றிய விலை. அந்த விலைக்கு என்னிடம் வாங்க யாரும் காத்திருக்கவில்லை. 211-க்கு 40 பங்கு, 209-க்கு 60, 204-க்கு 100, அதற்குக் கீழே 196-க்கு 200. இவ்வளவுக்குத்தான் வாங்க ஆள் இருந்தது. என் ஆர்டர் ஒவ்வொரு படியாக இறங்கி, இருந்ததையெல்லாம் துடைத்துக்கொண்டு போய் 196-ல் நின்றது. 5 சதவீதம் போச்சு. மென்பொருள் தப்பே செய்யவில்லை. ‘என்ன விலையானாலும் பரவாயில்லை, உடனே விற்றுவிடு’ என்பதுதான் மார்க்கெட் ஆர்டரின் பொருள். அதை என் வாயால் நான் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டேன். ஏற்கெனவே தேர்வாகி இருந்த ஒரு பொத்தான் எனக்காகச் சொல்லிவிட்டது.

அன்று 209 என்று லிமிட் போட்டிருந்தால் 40 பங்கு 211-க்கும், 60 பங்கு 209-க்கும் போயிருக்கும். மீதி 300 வரிசையில் காத்திருக்கும். லிமிட் போட்டால் ஆர்டர் நடக்காமலே போய்விடுமே என்று கேட்பீர்கள். நடக்காமல் போகலாம், உண்மைதான். ஆனால் நடக்காத ஆர்டரைத் திருத்தலாம், ரத்து செய்யலாம். தவறான விலைக்கு நடந்துவிட்டதை என்ன செய்வது? நிஜமாகவே அவசரம் என்றால், வாங்குபவர்கள் கேட்கும் விலையைவிடக் கொஞ்சம் கீழே லிமிட் போடுங்கள். பெரும்பாலும் உடனே நடந்துவிடும், அடிமட்டத்துக்கும் போகாது. தினமும் லட்சக்கணக்கில் கைமாறும் பெரிய பங்குகளில் இந்த வித்தியாசம் சாதாரண நாளில் பைசாக் கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எல்லா நாளும் சாதாரண நாள் இல்லை. 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தையில் டவ் ஜோன்ஸ் குறியீடு சில நிமிடங்களில் சரிந்து, ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 1,000 புள்ளிகள் கீழே போய், பிறகு மேலே வந்தது. அந்த இடைவெளியில் 40 டாலர் அளவில் இருந்த அக்சென்ச்சர் பங்கு 1 சென்ட்டுக்குக் கைமாறியது. விலை இவ்வளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ‘ஸ்டாப் லாஸ்’ ஆர்டரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாதாரண ஸ்டாப் லாஸ், நீங்கள் சொன்ன விலையைத் தொட்டதும் மார்க்கெட் ஆர்டராக மாறிவிடும். அது விலையைத் தாங்கிப் பிடிக்கிற வலை இல்லை, விற்கச் சொல்லும் மணி மட்டும்தான். நியூயார்க் பங்குச் சந்தையே 2016 பிப்ரவரியில் புதிய ஸ்டாப் ஆர்டர்களை வாங்குவதை நிறுத்திவிட்டது. ஸ்டாப் லிமிட் வேறு. அதில் ஒரு எல்லை உண்டு, ஆனால் விலை அந்த எல்லையைத் தாண்டிக் குதித்துவிட்டால் பங்கு விற்காமல் கையிலேயே நிற்கும்.

அப்புறம் ஆர்டர் பக்கத்தில் எண்களை நிரப்பும் அந்தப் பெட்டிகள். எண்ணிக்கைக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே அளவில், ஒரே நிறத்தில். 2005 டிசம்பரில் ஜப்பானின் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டிய இடத்தில், 6,10,000 பங்குகளைத் தலா 1 யென்னுக்கு விற்க ஆர்டர் போனது. ரத்து செய்யப் பார்த்தார்கள், டோக்கியோ பங்குச் சந்தையின் கணினி அதை ஏற்கவில்லை. நஷ்டம் சுமார் 4,000 கோடி யென். 2022 மே மாதம் லண்டனில் சிட்டி குழுமத்தின் வர்த்தகர் 5.8 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை விற்க நினைத்தார். மதிப்பு போட வேண்டிய எண்ணை எண்ணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டார். உருவானது 44,400 கோடி டாலர் ஆர்டர். எச்சரிக்கை வராமல் இல்லை, 711 வந்தது. ஆனால் திரையில் முதல் 18 வரிதான் தெரிந்தது, அவர் மொத்தத்தையும் தள்ளிவிட்டு மேலே போனார். பெரும்பகுதியை உள்கட்டுப்பாடுகள் தடுத்தும், 140 கோடி டாலர் விற்றுப்போன பிறகுதான் அவரால் ரத்து செய்ய முடிந்தது. இதே வேலையாக இருப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், வேலைக்கு நடுவே போனை எடுத்து ஆர்டர் போடுகிற நம்மை யார் காப்பது?

போன வருடம் என் மாமா ஒரே பங்கை மூன்று தடவை வாங்கிவிட்டார். முதல் தடவை அழுத்தியதும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. “ஸ்க்ரீன் நின்னுபோச்சுடா, அதான் மறுபடி அழுத்துனேன்” என்றார் குரல் இறங்கிப்போய். திரை நின்றாலும் ஆர்டர் போயிருக்கலாம். மறுபடி அழுத்துவதற்கு முன், நாம் போட்ட ஆர்டர்களின் பட்டியலான ஆர்டர் புக்கைத் திறந்து, முதல் ஆர்டர் ‘ஓபன்’ என்று நிற்கிறதா, ‘ரிஜெக்ட்’ ஆகிவிட்டதா, பாதி மட்டும் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே ஆர்டர் ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை வந்தால் ‘நிஜமாகவே வேண்டுமா?’ என்று கேட்பது ஒரு மென்பொருளுக்குக் கஷ்டமான வேலையா?

வேகமாக அழுத்த வைப்பதில்தான் எல்லோருடைய உழைப்பும் போகிறது. அமெரிக்காவின் ராபின்ஹூட் என்ற பங்கு வர்த்தகச் செயலி, வர்த்தகத்தின்போது திரையில் வண்ணக் காகிதம் தூவிக்கொண்டிருந்தது, விமர்சனம் கிளம்பிய பிறகு 2021-ல்தான் அதை எடுத்தார்கள். பார்பர், ஓடீன் என்ற இரு ஆய்வாளர்கள் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது, சந்தை கொடுத்ததோ 17.9. அடிக்கடி அழுத்துவதால் யாருக்கு லாபம் என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

மாமா இப்போது எண்ணிக்கை, விலை, மொத்தத் தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதி, திரையில் இருப்பதோடு சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்துகிறார். லிமிட்டை நிரந்தரமாக வைக்கும் அமைப்பை மட்டும் அவருடைய செயலியில் இரண்டு பேரும் தேடியும் கிடைக்கவில்லை, ஒவ்வொரு முறையும் கையால்தான் மாற்றுகிறார். உங்களுடையதில் அந்த வசதி இருந்தால் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள், அவருக்குக் காட்டுகிறேன்.