தண்ணீர் லாரியும் பாவ்லோவும்

வீட்டிலிருந்தபடியே பிளஸ் டூ அளவில் உளவியல் படிக்க முடியுமா என்று கடந்த இரண்டு மாதங்களில் நான்கு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். நால்வரும் பெண்கள், வியாசர்பாடியிலிருந்து இருவர், தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர், எங்கள் தெருவிலேயே ஒருவர். தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். படிக்க முடியும், நானே படித்தேன். ஆனால் நீங்கள் புரிந்துகொண்டது தவறென்றால் அதை முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் இல்லாமல் இந்தப் பாடத்தைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. கணக்கில் பிழை செய்தால் புத்தகத்தின் பின்பக்கத்தில் உள்ள விடையே காட்டிக்கொடுத்துவிடும். உளவியலில் தவறாகப் புரிந்துகொண்டவருக்கும் எல்லாம் பொருந்தி வருவதாகவே தோன்றும்.

முதலில் நடைமுறை விவரங்கள். எங்கள் பகுதிப் பள்ளிகளில் நான் விசாரித்தவரை பதினொன்றாம் வகுப்பில் உளவியல் இல்லை. அதனால் பத்தாம் வகுப்போடு நின்று பதினாறு ஆண்டுகள் கழித்துப் படிக்கப் புறப்பட்ட எனக்குக் கிடைத்த வழி, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது என்.ஐ.ஓ.எஸ். அது 1979இல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989இல் தனி நிறுவனமானது. மேல்நிலை வகுப்பில் உளவியலின் பாட எண் 328. ஒரு மொழிப்பாடமாவது உள்ளிட்ட ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பதிவு ஐந்தாண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை தேர்வு. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும். வீட்டு வேலைக்கு நடுவே படிப்பவர்களுக்கு இதைவிட இணக்கமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

நான் படித்தது ஆங்கிலப் புத்தகம். முதல் இரண்டு மாதங்கள் சொற்களோடு மல்லுக்கட்டினேன். பிறகு கிளை நூலகத்தில் பி.எட். மாணவர்களுக்கான பழைய 'கல்வி உளவியல்' நூல் ஒன்று கிடைத்தது. அட்டை கிழிந்திருந்தாலும், ஆக்கநிலையுறுத்தல், நுண்ணறிவு, ஆளுமை என்று ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச் சொல் அதில் இருந்தது. இரண்டு புத்தகங்களையும் அருகருகே விரித்து வைத்துப் படித்த பிறகுதான் பாடம் மண்டையில் ஏறியது.

இனி என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி வரும்போது முனையில் திரும்பும் இடத்தில் ஹாரன் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அடுப்பைக் குறைத்துவிட்டுக் குடத்தோடு ஓடுவேன்; தெருவே ஓடும். மணியோடு உணவைச் சேர்த்துக் கொடுத்துப் பழக்கினால், பிறகு மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டிய ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவின் பாடத்தைப் படித்த அன்று எனக்கு ஒரே பெருமிதம். நாய்க்கு மணி, நமக்கு ஹாரன். நாய்க்கு எச்சில், நமக்கு ஓட்டம் என்று நோட்டில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டேன். எட்டு மாதங்கள் அது அப்படியே இருந்தது. மேல்மாடியில் குடியிருந்த, உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்த பெண் ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, எச்சில் தானா ஊறுது. நீங்க தானாவா ஓடுறீங்க?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் தெளிந்தது. பாவ்லோவ் ஆராய்ந்தது நம் விருப்பத்தைக் கேட்காமல் உடல் தானே செய்யும் செயலை. நான் ஓடுவதோ, ஓடினால் குடம் நிறையும் என்பதை முன்பே கண்டிருப்பதால். விளைவு பழக்கிய அந்தச் செயல், கிடைக்கும் பலனைப் பொறுத்துச் செயல்கள் பழகுவதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் பாடத்தில் வர வேண்டியது. இப்போது ஓடினால் பலன் உண்டு என்று சொல்லும் அடையாளம்தான் ஹாரன். ஆனால் ஹாரன் கேட்ட நொடியில் நெஞ்சு படபடக்கிறதே, அது பாவ்லோவ் வகை. ஒரே சத்தம், ஒரே தெரு, இரண்டு வகைக் கற்றல். எந்தக் காணொளியும் இதை எனக்குச் சொல்லியிருக்காது, ஏனென்றால் என் நோட்டில் இருந்த பிழை அதற்குத் தெரியாது.

இதற்கு நேர்மாறாக, வீட்டில் படித்ததால் மட்டுமே கிடைத்த ஒன்றும் உண்டு. ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனையை ஸ்கெட்ச் பேனாக்களை வைத்துச் செய்து பார்த்தேன். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சையிலும், 'நீலம்' என்பதைச் சிவப்பிலும் எழுதி, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஏழாவது படிக்கும் என் மகன் வெறும் நிறக் கட்டங்களைப் பதினேழு நொடியில் சொல்லி முடித்தவன், எழுத்து அட்டையில் திக்கித் திணறி முப்பத்தொரு நொடி எடுத்துக்கொண்டான். அடுத்து என் மாமியார். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார், எந்த மொழியிலும் எழுத்துக் கூட்டத் தெரியாது. அவர் இரண்டு அட்டைகளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சொல்லி முடித்துவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். "ஆயா ஏமாத்துது" என்று மகன் கத்தினான். ஏமாற்றவில்லை, படிக்கத் தெரிந்தவர்களால் படிக்காமல் இருக்க முடிவதில்லை, இடறுவதற்குக் காரணம் அதுதான். படிக்கவே தெரியாதவருக்கு அந்த இடையூறு ஏது? எல்லோரும் எழுத்தறிந்தவர்களாக இருக்கும் ஒரு வகுப்பறையில் இதை என்னால் பார்த்திருக்க முடியாது.

ஆபத்து எங்கே என்றால், மனநோய்களைப் பற்றிய பாடத்தில். அதைப் படித்து முடித்த வாரத்தில் எனக்குத் தெருவே வார்டாகத் தெரிந்தது. என் கொழுந்தனார் கடை ஷட்டரைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். "உங்களுக்கு ஓ.சி.டி." என்று, அதாவது ஒரே எண்ணமோ செய்கையோ விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோய் என்று, சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. அவர் கடையில் முன்பு ஒருமுறை பூட்டு உடைபட்டிருந்ததை நான் யோசிக்கவே இல்லை. எண்ணமோ செய்கையோ நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்கினால், அல்லது பிழைப்பையும் உறவையும் கெடுத்தால்தான் அதை நோயென்று சொல்ல இடமுண்டு என்ற வரியைப் படித்திருந்தும் தாண்டிப் போயிருக்கிறேன். நம் ஊரில் பிடிக்காதவரை 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதல்லவா? 1794இல் தொடங்கி, 1871இல் இப்போதைய இடத்துக்கு வந்து, இன்றும் சிகிச்சை அளித்துவரும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். நான் செய்ததும் அதுவேதான். ஆங்கிலச் சுருக்கப் பெயரில் செய்தேன், அவ்வளவே.

டுடோரியல்கள் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பெயர் வேண்டாம், ஒன்றில் எனக்கு 'பாஸ் கேரண்டி' என்று சொல்லி, வீட்டிலிருந்து எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைப்புகளை எழுதியே கொடுத்தார்கள். அதன் எழுத்தும் என்னுடையதல்ல, உதாரணமும் என் தெருவுடையதல்ல. அனுப்பவில்லை, கட்டிய பணமும் திரும்பவில்லை.

இதற்கு மேலே படிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் உளவியல் பட்டம் பெற்ற பெண்கள் எங்கள் பகுதியிலேயே உண்டு. ஆனால் இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுத் தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ் உளவியல் இணை சுகாதாரத் துறைகளில் சேர்வதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் அதைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. பள்ளி அளவுக்கு இந்தத் தடை இல்லை. பட்டத்துக்குக் கல்லூரிக்கு நேரில் போகத்தான் வேண்டும். நாளை ஒருவருக்கு ஆலோசனை சொல்லப் போகிறவர் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஷட்டர் கதையே என் சாட்சி. ஆனால் சிகிச்சை அளிக்கும் எண்ணமே இல்லாமல், தன் வீட்டையும் தன்னையும் புரிந்துகொள்ளப் பட்டம் வரை படிக்க விரும்பும் நாற்பது வயதுப் பெண்ணுக்கும் அதே கதவைச் சாத்தியது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு தேவைகளையும் பிரித்துப் பார்த்திருக்கலாம்.

கேட்ட நால்வரும் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் மொட்டை மாடிக்கு வரலாம். மேல்மாடிப் பெண் இப்போது வேலைக்குப் போகிறாள். மாதம் ஒருமுறை வந்து எங்கள் நோட்டுகளைப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். வரும்போது உங்கள் கையால் எழுதியதைக் கொண்டுவாருங்கள், தவறாக இருந்தாலும் பரவாயில்லை. டுடோரியல் ஜெராக்ஸ் வேண்டாம்.