முதல் ஒரு வருஷம் மிருதங்க ஆப் வேண்டாம்

தண்டையார்பேட்டையில் 12 வருஷமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, "டீச்சர், வீட்டில் சாதகம் பண்ண எந்த ஆப் போடட்டும்?" என்பதுதான். சுருதிக்குத் தாராளமாகப் போடுங்கள். தாளத்துக்கு மிருதங்கம் வாசிக்கும் ஆப் முதல் ஒரு வருஷம் வேண்டவே வேண்டாம்.

இது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. 2020 ஊரடங்கில் வகுப்பெல்லாம் வீடியோ காலில். குரல் தாமதமாகப் போய்ச் சேருவதால் நானும் பிள்ளையும் சேர்ந்து பாட வழியில்லை. ஆளுக்கொரு மிருதங்க ஆப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். வகுப்பு திரும்ப நேரில் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கத்தை நான் நிறுத்தவில்லை.

போன நவராத்திரிக்குத் திருவொற்றியூரில் ஒரு கொலுவில் என் மாணவி பாடினாள். 13 வயது, ஐந்து கட்டை சுருதி, கணீரென்ற குரல். தியாகராஜர் அந்த ஊருக்கு வந்து திரிபுரசுந்தரி மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளில் பேகடா ராகத்தில் உள்ளதை எடுத்திருந்தாள். வகுப்பில் ஆப்போடு பாடும்போது ஒரு பிசிறு இருக்காது. அன்றைக்குப் பக்கத்தில் நிஜ மிருதங்கம். பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவி முடிந்ததும் வித்வான் சின்னதாக ஒரு தீர்மானம், அதாவது முடிப்புச் சொற்கட்டு, வைத்தார். குழந்தைக்கு சமம், அதாவது தாளச் சுற்று தொடங்கும் இடம், எங்கே என்றே தெரியவில்லை. அவள் வலது கையைப் பார்த்தேன். தொடைமேல் அசையாமல் கிடந்தது. இத்தனை நாளும் தாளம் போட்டது போன், அவள் இல்லை.

வித்வான் சட்டென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தபடி, சமத்தில் மட்டும் அழுத்தமாக ஒரு 'தீம்' வைத்தார். இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று. மூன்றாவதில் அவள் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூச்சு வாங்கும் பிள்ளைக்காகக் காத்திருக்க அந்த ஆப்புக்குத் தெரியாது.

ஆப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒற்றை அறை வீடு, வாசலில் கன்டெய்னர் லாரி இரைச்சல், தினமும் மிருதங்கக்காரரை வைத்துக்கொள்ள வசதி கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் முதலில் கை பழக வேண்டும். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு இரண்டு முறை. இப்படி ஆதி தாளம் போட்டுக்கொண்டே ஆரம்பப் பாடமான சரளி வரிசையை மூன்று காலமும், அதாவது மூன்று வேகத்திலும், பாடி வரட்டும். இந்தப் பக்கம் கானா பாடுகிற பையன்களைப் பாருங்கள். பெஞ்சில் தட்டித் தட்டியே வளர்கிறார்கள், அந்த லய உறுதி என் மாணவர்கள் பலரிடம் இல்லை.

இப்போது நான் ஆப் போட்டால் நடுவில் ஒரு ஆவர்த்தனம் சத்தத்தை அணைத்துவிடுவேன். திரும்பக் கூட்டும்போது பிள்ளை சரியாக சமத்தில் இருந்தால்தான் மேலே போவோம்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் மிருதங்கம் கற்கும் பிள்ளைகள் இருந்தால் ஞாயிறு காலை 10 மணிக்கு என் வகுப்புக்கு அனுப்பி வையுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. என் பிள்ளைகள் பாடட்டும், அவர்கள் வாசிக்கட்டும், இரண்டு பேரும் சேர்ந்தே தடுமாறட்டும்.