பெருந்தெருவை விட்டு இறங்குங்கள்

கனடாவின் கிழக்கு ஓரத்துத் தீவான நியூஃபவுண்ட்லாந்துக்குப் போய்வந்து, "அங்கே என்ன இருக்கிறது, காடும் குளமும்தான்" என்று உதட்டைப் பிதுக்குகிற நம்மவர்கள் சிலரை அண்மையில் சந்தித்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெருந்தெருவிலேயே போய்ப் பெருந்தெருவிலேயே திரும்பினால் காடும் குளமும்தான் கண்ணில் படும். தென்மேற்கு மூலையில் கப்பல் வந்து சேரும் போர்ட் ஓ பாஸ்க் தொடக்கம் கிழக்கே சென் ஜோன்ஸ் வரைக்கும் 905 கிலோமீற்றர். அந்தத் தெரு தீவின் வயிற்றை ஊடறுத்துக்கொண்டு போகிறது. மக்களோ நூற்றாண்டுக் கணக்காகக் கடலைப் பார்த்தபடி விளிம்பிலேயே குடியிருந்தவர்கள். மீனுக்காக வந்தவர்களுக்கு நடுக்காட்டில் என்ன வேலை? தெரு முழுமையானதே 1965 இல்தான். அதற்கு முன்னர் எத்தனையோ ஊர்களுக்கு வள்ளம்தான் வழி. ஆகையால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கிளைத்தெரு கண்டால் இறங்குங்கள். அது போய் முடிகிற இடத்தில்தான் அந்தத் தீவு இருக்கிறது.

2025 ஜூன் மாதக் கடைசியில் நாங்கள் நால்வர் ஒரே வண்டியில் போனோம். நானும் இவரும், என் பள்ளிக்காலச் சிநேகிதியும் அவளுடைய கணவரும். அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். ரொறன்ரோவிலிருந்து நோவா ஸ்கோஷியாவின் நோர்த் சிட்னிக்கு இரண்டு நாள் ஓட்டம். அங்கிருந்து இரவுக் கப்பலில் ஏழு மணித்தியாலம். தீவுக்குள் பன்னிரண்டு நாள், ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர்.

கப்பலால் இறங்கியதும் கைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொண்டது. ரொறன்ரோவை விட ஒன்றரை மணித்தியாலம் முன்னால். உலகம் முழு மணிக் கணக்கில் நேரம் வைத்திருக்க, அரை மணியை விட்டுக்கொடுக்காத இடங்களில் நியூஃபவுண்ட்லாந்தும் ஒன்று, நாங்கள் பிறந்த இலங்கையும் ஒன்று. "எங்களுடைய ஆட்கள்தான்" என்றாள் சிநேகிதி. அந்தக் காலை வேளையிலேயே எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

நட்போடு பயணம் போகிறவர்களுக்கு ஒரு சொல். நான் முப்பது வருடத்துக்கு மேலாக மணமானவள். இருவரும் மாறி மாறி வேலைக்குப் போய், பல வருடங்கள் வாசற்படியில் வைத்துத்தான் ஒருவரையொருவர் கண்டிருக்கிறோம். தனியே பயணம் போனால் வீட்டுக் கணக்கையும் பிள்ளைகளின் கதையையும் வண்டிக்குள் ஏற்றிக்கொண்டுதான் போவோம். இன்னொரு சோடி கூட இருக்கும்போது பேச்சு வேறு திசைக்குத் திரும்புகிறது. மூன்றாம் நாளிலிருந்து நானும் அவளும் முன் இருக்கைகளில், ஆண்கள் இருவரும் பின்னால். இவர் பதினாறு வயதில் தனியே கொழும்புக்கு ரயிலேறிப் போன கதையை அண்ணாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஓட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது புதுக்கதை.

இரவில் மட்டும் ஓட்டாதீர்கள். 1904 இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நான்கு மூஸ் மான்கள் இன்று ஒரு லட்சத்துக்கும் மேல் பெருகியிருக்கின்றன. நிறம் கரும்பழுப்பு. கால் உயரம் என்பதால் வண்டியின் வெளிச்சம் அதன் கண்ணுக்கு எட்டாது, இடித்தால் உடல் அப்படியே முன் கண்ணாடிக்கு மேல் வந்து விழும். நாங்கள் மாலை ஆறு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். ஒரு நாள் அரை மணி பிந்தினோம். அன்றைக்கே ஒன்று தெருவின் நடுவில் நின்றது. இவர் பிரேக்கை அழுத்த, அது எங்களைப் பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்து போயிற்று. அதன்பின் யாரும் நேரத்தைப் பற்றி வாதாடவில்லை.

குரோஸ் மோர்ன் பூங்காவுக்கு எல்லாரும் போவார்கள், போகத்தான் வேண்டும். அங்கே டேபிள்லேண்ட்ஸ் என்கிற மலை, பூமியின் மேலோட்டுக்குக் கீழே கிடக்க வேண்டிய பாறை, கண்டங்கள் மோதியதில் வெளியே தள்ளப்பட்டுத் துருப்பிடித்த செம்மஞ்சள் நிறத்தில் கிடக்கிறது. எதிர்ப்பக்க மலை பச்சைப் பசேலென்றிருக்க, இங்கே ஏறக்குறைய எதுவும் முளைப்பதில்லை. வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸ். வைக்கிங்குகள் எனப்படும் நோர்ஸ் மக்கள் வந்து வீடு கட்டிய இடம். அவர்கள் வெட்டிய மரத்துண்டுகளின் வளையங்களைக் கொண்டு 1021 ஆம் ஆண்டு என்று திட்டமாகக் கணித்துவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிப் பதினொரு வருடம். ட்வில்லிங்கேட்டில் பருவத்தின் கடைசிப் பனிமலை ஒன்று குடாவுக்குள் தரைதட்டி நின்றது. இவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் எழுத விரும்புவது பொனவிஸ்டா என்ற கரையோர ஊரைப் பற்றி. ஜூலை முதலாம் தேதி காலையில் அங்கே நின்றோம். நாடு முழுவதும் கனடா நாள். அங்கே முற்பகலில் அது துக்க நாள். முதலாம் உலகப் போரில், 1916 இல் அதே தேதியில், பிரான்சின் போமோன் ஆமெலில், நியூஃபவுண்ட்லாந்துப் படையினர் ஏறக்குறைய 800 பேர் பதுங்குகுழியை விட்டு எழுந்து போனார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது 68 பேர்தான் பதில் சொன்னார்கள். அப்போது நியூஃபவுண்ட்லாந்து கனடாவும் அல்ல. 1949 இல்தான் சேர்ந்தது. ஆட்கள் சட்டையில் சின்ன நீலப்பூ குத்தியிருந்தார்கள். நண்பகல் கழிந்த பின்னர்தான் கொண்டாட்டம்.

அன்று பிற்பகல் ஜெட்டியில் ஒரு முதியவர் இருந்தார். சிநேகிதி யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரி, கடற்றொழில் குடும்பம். கடல் கண்ட இடத்தில் அவள் முதலில் பார்ப்பது காட்சியை அல்ல, கயிறு எப்படிக் கட்டியிருக்கிறது, வலைக்கு என்ன கண் அளவு என்பதைத்தான். முதியவர்தான் பேச்சைத் தொடங்கினார். "நாளைக்கு முப்பத்து மூன்று வருடம்" என்றார். 1992 ஜூலை 2 அன்று மத்திய அரசு கொட் மீன்பிடியைத் தடை செய்தது. கொட் என்பது அந்தத் தீவுக்கு வெறும் மீனல்ல. அங்கே சும்மா மீன் என்று சொன்னால் அது கொட்தான், மற்ற மீன்களுக்குத்தான் பெயர் சொல்ல வேண்டும். பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து அடியோடு வாரிக்கொண்டு போனதில் ஐந்நூறு வருடம் அள்ளிய மீன் அற்றுப்போயிற்று. இரண்டு வருடம் என்று சொல்லித்தான் தடை போட்டார்கள். 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை இல்லை. தடை நீங்கியது 2024 இல், அதுவும் சிறிய அளவுக்கு.

சிநேகிதி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "வள்ளத்தை என்ன செய்தீர்கள்?"

"கரையில் ஏற்றி வைத்தேன். அங்கேயே உக்கிப்போயிற்று."

"என் அப்பாவுடையதும் அப்படித்தான்" என்றாள்.

1990 இல் போரினால் மயிலிட்டி மக்கள் உடுத்த உடையோடு எழும்பி ஓடினார்கள். ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 இல். அவளுடைய அப்பா அதைக் காணவில்லை. இதையெல்லாம் அவள் அந்த முதியவருக்கு விளக்கிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போகும்போது அவர் "மை லவ்" என்று அவளை விளித்து விடைகொடுத்தார். அந்தத் தீவில் கடைக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார், பெற்றோல் நிலையத்துப் பெண்ணும் அப்படித்தான் கூப்பிடுவாள். அதில் தவறாக நினைக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் முன்பின் தெரியாத கிழவி "என்ரை ராசாத்தி" என்பதைப் போல.

போகிற வழியில் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். 1954 தொடக்கம் 1975 வரைக்கும் ஏறக்குறைய 300 கரையோர ஊர்களை அரசு இழப்பீடு கொடுத்துக் காலி செய்வித்தது. பாடசாலையும் வைத்தியமும் கொடுக்க முடியாது, பெரிய ஊர்களுக்கு வாருங்கள் என்றார்கள். 30,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். சிலர் வீட்டை விட்டுப் போக மனமின்றி, வீட்டையே பீப்பாய்களில் கட்டிக் கடலில் மிதக்கவிட்டு, வள்ளங்களால் இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படம் ஒன்றைப் பார்த்தேன். இரண்டு மாடி மரவீடு அலைமேல் போகிறது. இன்றும் கோடையில் பலர் பழைய இடங்களுக்கு வள்ளத்தில் போய் மயானத்தைத் துப்புரவு செய்துவிட்டு வருகிறார்கள். பெருந்தெருவில் போனால் இது எதுவும் தெரியவராது.

சென் ஜோன்ஸ் அழகான நகரம். மார்க்கோனி 1901 இல் அட்லாண்டிக்கின் அக்கரையிலிருந்து வந்த முதல் வானொலிச் சைகையைக் கேட்ட சிக்னல் ஹில்லில் ஏறினோம், காற்று ஆளைத் தள்ளியது. ஆனால் அங்கே மறக்க முடியாதது பக்கத்திலுள்ள மிடில் கோவ் கடற்கரை. மாலையில் பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள் வாளியும் கைவலையுமாக நின்றார்கள். கேப்லின் மீன் முட்டையிடக் கரையேறுகிற காலம். ஒவ்வொரு அலையும் வெள்ளியைக் கொட்டிவிட்டுப் போனது. கூழாங்கற்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் துடித்தன. சிநேகிதி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டாள். கைக்குள் அடங்குகிற நீளம், முதுகில் பச்சை, வயிறு வெள்ளி. முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினாள். மீன் நாற்றம் இல்லை, வெட்டிய வெள்ளரிக்காய் மணம்! பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் தன் வாளியிலிருந்து பாதியை எங்கள் பைக்குள் கொட்டினார். காசு என்று வாயெடுத்தோம், முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. விடுதியின் வெளி அடுப்பில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டி, தலையோடு பொரித்தோம். அவள் நாற்பது மீனாவது உண்டிருப்பாள். இவ்வளவு வருடத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் தெற்கே புறப்பட்டோம். அண்ணா அங்கே போக வேண்டும் என்று ரொறன்ரோவிலேயே சொல்லியிருந்தார். காரணம் சொல்லவில்லை. பத்தாம் இலக்கத் தெரு அவலன் குடாநாட்டின் கரையைச் சுற்றிக்கொண்டு போகிறது. ட்ரெபாஸியைத் தாண்டியதும் மரங்கள் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பாசியும் புல்லும், மேலே புகார். அதிலிருந்து இன்னொரு கிளைத்தெரு. அது முடிகிற இடம் சென் ஷொட்ஸ். சில வீடுகள், வைக்கோல் நிறப் புல், கடல்.

1986 ஓகஸ்ட் 11 அன்று அந்தக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 இலங்கைத் தமிழ் அகதிகள் மிதந்துகொண்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. நாட்கணக்காகத் தண்ணீரில். கஸ் டோல்ட்டன் என்ற மீனவர் கண்டார். கண்டதும் மற்ற வள்ளங்களுக்கு அறிவித்தார். மீனவர்கள் கையிலிருந்த உணவைக் கொடுத்துத் தங்கள் வள்ளங்களில் ஏற்றினார்கள். சென் ஜோன்ஸில் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்தார்கள். அவர்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் என்பது வெளியானதும் நாட்டில் கோபக்குரல்கள் எழுந்தன. அரசு அவர்களுக்கு இருக்க அனுமதி கொடுத்தது. பெரும்பாலானவர்கள் ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் போனார்கள். பின்னால் வந்த எங்களுக்கெல்லாம் தங்க இடமும் வேலைக்கு வழியும் காட்டியவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

நாங்கள் வண்டியை நிறுத்தி வெளியே வந்தோம். குளிர். அண்ணா சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். பிறகு இவரிடம் சொன்னார்: "நான் அப்போது ஜெர்மனியில், அகதி முகாமில் இருந்தேன். கப்பல் போகிறது, காசு இருந்தால் வா என்று கேட்டார்கள். என்னிடம் இல்லை. என் அறையில் இருந்தவன் போனான்."

சிநேகிதிக்கு இது தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியாது. முப்பது வருடமாக ஒன்றாகப் பொங்கல் பொங்கி, ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்து, ஒருநாளும் இந்தப் பேச்சு வந்ததில்லை. அவர் அறைத்தோழர் பிழைத்தார், இப்போது மொன்றியலில் இருக்கிறார், ஆனால் கடலோரத்துக்கு வர மறுக்கிறார். அவருக்காகவும் பார்த்துவிட்டு வருவதாக அண்ணா சொல்லியிருந்தாராம்.

ஒரு பெண்மணி நாயோடு நடந்து வந்தார். எங்களைப் பார்த்ததும், "தமிழ் ஆட்களா?" என்று கேட்டார். ஆமென்றோம். "இடைக்கிடை வருவார்கள்" என்று சொல்லிவிட்டு, அண்ணாவின் கையைப் பிடித்துச் சற்று நேரம் வைத்திருந்தார். தேநீர் குடிக்க வரும்படி கூப்பிட்டார். போனோம். அவர் தந்த பாணும் பேக்அப்பிள் பழ ஜாமும், நாங்கள் வைத்திருந்த பருத்தித்துறை வடையும் ஒரே தட்டில்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கான்கூனுக்கும் கியூபாவுக்கும் பறக்கிறீர்கள், பறங்கள். ஆனால் கனடாவில் வளர்ந்த நம் பிள்ளைகளை ஒருமுறையாவது அந்தக் கிளைத்தெருவின் முடிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சென் ஜோன்ஸுக்கு விமானத்தில் போய் வாடகைக் கார் எடுத்தால் ஒரே நாளில் போய் வரலாம். பெற்றோலை நகரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் நிலையங்கள் குறைவு. புகார் விலகும் என்று காத்திருக்காதீர்கள், அது அப்படித்தான்.

2026 ஓகஸ்ட் 11 உடன் 40 ஆண்டுகள் நிறைகின்றன. நாங்கள் நால்வரும் மறுபடி போகிறோம். அண்ணா மொன்றியலுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார், அந்த நண்பர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவருக்கென்று ஓர் இருக்கையை ஒதுக்கியது போக, வண்டியில் இன்னும் இருவருக்கு இடம் உண்டு.