2012-இல் அந்த ஓட்டம் ரத்தாகவில்லை

அண்ணா, "ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யூடிஎம்பி ஓட்டத்தை 2012-இல் மழைக்குப் பயந்து ரத்து செய்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. மூன்று நாடுகளைச் சுற்றிவரும் சுமார் 170 கி.மீ. பாதையை, அந்த வருடம் மேலே பனி விழுந்ததால் சுமார் 100 கி.மீ. ஆகக் குறைத்து, பிரான்ஸ் பக்கமே ஓடவிட்டார்கள். கிளம்பிய சில மணி நேரத்தில் நிறுத்தியது 2010-இல்.

அப்புறம், வானிலைக்காக ஓட்டத்தை நிறுத்துவதைப் பயம் என்பதையும் ஏற்க முடியவில்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலை ஓட்டத்தின் நடுவே குளிர்காற்றும் ஆலங்கட்டி மழையும் வந்து 21 பேர் இறந்தார்கள். வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்கு இது புரியும். கோவையே வேர்த்துக் கொட்டும் சித்திரையிலும் ஏழாவது மலையில் விடிகாலைக் காற்று உடம்பை உலுக்கிவிடும். போன வருடம் அங்கே ஒரு தம்பி, நனைந்த பனியனோடு நின்றதில் விரல் விறைத்து, சுக்குக் காப்பி டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் நின்றான். நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன். அவன் ஒருவனை இறக்கவே நான்கு பேர் தேவைப்பட்டார்கள். ராத்திரியில் 170 கி.மீ. பாதை முழுக்கச் சிதறி ஓடுகிறவர்களை எப்படி இறக்குவது? நடத்துகிறவர் தலையில் ஓடுவது அந்தக் கணக்குதான்.

ஓட்டம் ரத்தானால் கட்டிய காசைத் திருப்பிக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அந்த வருடத்தை மட்டும் மாற்றிவிடுங்கண்ணா.