லித்தியத்தைச் சுற்றி மூன்று இல்லை, ஆறு

லித்தியம் பெர்குளோரேட் டிரைஹைட்ரேட் (ஒரு லித்தியத்துக்கு மூன்று நீர் என்கிற வாய்ப்பாடு கொண்ட உப்பு, LiClO₄·3H₂O) படிகத்தில் ஒவ்வொரு லித்தியத்தையும் மூன்று நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும் என்று ஒரு கட்டுரையில் வருகிறதே, அது சரியில்லை. வாய்ப்பாட்டில் இருக்கிற மூன்று வெறும் விகிதம்தான், உண்மையில் பக்கத்தில் இருப்பது ஆறு. இந்த ஆறும் சேர்ந்தால் எண்முகி, அதாவது எட்டு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம். அதன் ஒரு முகத்தில் மூன்று, எதிர் முகத்தில் மூன்று, அந்த இரண்டு முகங்களையும் மேலே கீழே உள்ள லித்தியங்களோடு பங்கு போட்டுக்கொண்டு தூண் மாதிரி அடுக்கிக்கொண்டே போகிறது, ஆக ஒரு நீர் இரண்டு லித்தியத்துக்குப் பொது, ஆறில் பாதி மூன்று, கணக்கு வந்துவிட்டது. லித்தியம் அயோடைடு டிரைஹைட்ரேட்டும் இதே அமைப்புதான்.

அதற்காக எல்லா நீரேறிய லித்தியம் உப்பும் இப்படி என்று நினைத்துவிடக் கூடாது. பேட்டரி வேலைக்கு வாங்குகிறார்களே லித்தியம் ஹைட்ராக்சைடு மோனோஹைட்ரேட் (ஒரு நீர் உள்ளது), அதில் லித்தியத்தைச் சுற்றி நான்குதான், வடிவம் நான்முகி: இரண்டு ஹைட்ராக்சைடு, இரண்டு நீர். சல்பேட் மோனோஹைட்ரேட்டில் இன்னும் வேடிக்கை, இரண்டு வகை லித்தியம் இருக்கிறது, அதில் ஒன்று நீரைத் தொடுவதே இல்லை, நாலு பக்கமும் சல்பேட் ஆக்சிஜன்தான்.

அப்புறம், எக்ஸ் கதிரை மட்டும் வைத்துப் படிகத்தில் ஹைட்ரஜன் இருக்கிற இடத்தைச் சரியாகச் சொல்வது கஷ்டம். நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். அதிலும் லித்தியத்தின் இரண்டு ஐசோடோப்புகளில் (எடை மட்டும் வேறான அணு வகைகள்) லித்தியம் 6 நியூட்ரானை விழுங்கிவிடும், அதனால் லித்தியம் 7 போட்டுப் படிகம் வளர்ப்பது நல்லது.