"வாரண்ட் இருக்கா?" என்பது பாதிக் கேள்விதான்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தேகால் மணிக்கு, எங்கள் தெருவில் நான்காவது வீட்டுக் கதவைத் தட்டினார்கள். களியும் கீரையும் கிண்டினால் எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிற, நான் அக்கா என்று அழைக்கிற ஒரு பெண்மணி அங்கே தனியாக இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார்; ஒரே மகன் ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போய் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வந்தவர்கள் மூவர். ஒருவர் மட்டும் காக்கியில் இருந்தார், மற்ற இருவரும் சாதாரண உடையில் இருந்தார்கள். டூவீலர் திருட்டு வழக்கு ஒன்றில் மகனைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னார்கள். அக்கா கதவை மறித்தபடி, "வாரண்ட் இருக்குதுங்களா சார்?" என்று கேட்டிருக்கிறார். "வாரண்டெல்லாம் சினிமாவுல கேக்கறதும்மா, தள்ளுங்க" என்று பதில் வந்திருக்கிறது.

இருபத்தைந்து நிமிடம் உள்ளே இருந்தார்கள். கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் பார்த்தார்கள். பிறகு பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்த மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டினார்கள். போகும்போது மகன் விட்டுப்போயிருந்த பழைய செல்போனையும் வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டார்கள். துண்டுக் காகிதம்கூடக் கொடுக்கவில்லை.

எந்த ஸ்டேஷன், எந்த ஊர் என்று நான் எழுதப் போவதில்லை. தருமபுரி மாவட்டம் என்பது போதும். இருபது வருடத்துக்கு மேலாகத் தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான், வக்கீல் இல்லை. ஆனால் எத்தனையோ எஃப்.ஐ.ஆர். நகல்களும், சோதனையில் எடுத்த பொருள்களைப் பட்டியல் போடுகிற மகஜர்களும் என் மேசையைக் கடந்து போயிருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நம் மக்கள் போலீஸைப் பார்த்துக் கேட்கிற "வாரண்ட் இருக்கா?" என்ற கேள்வி, நியாயமான கேள்வியாக இருந்தாலும், பெரும்பாலான நேரங்களில் அங்கே எடுபடாத கேள்வி. வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வருவதற்குச் சட்டமே பல கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கதவுக்கும் அதே சட்டம் ஒரு காகிதத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. ஸ்டேஷன்களில் இன்னும் பழைய எண்களில்தான் பேசிக்கொள்கிறார்கள், அது பரவாயில்லை. முதல் கதவு 44-ஆம் பிரிவு, பழைய 47. கைது செய்ய அதிகாரம் உள்ள காவலர், தேடப்படும் ஆள் ஒரு வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாம். வீட்டுக்காரர் விட்டாக வேண்டும். தான் யார், எதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்லிக் கேட்ட பிறகும் விடாவிட்டால், கதவையோ ஜன்னலையோ உடைத்துக்கொண்டும் போகலாம். இதற்கு வாரண்ட் தேவையில்லை. ராத்திரியில் போலீஸ் வீட்டுக்குள் வரவே கூடாது என்று டீக்கடைகளில் சொல்கிறார்களே, அப்படி ஒரு பொதுத் தடை இந்தப் பிரிவில் இல்லை. பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்வதற்குத்தான் தடை இருக்கிறது. விதிவிலக்கான நிலைமையில் பெண் காவல் அதிகாரி மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். அதைத்தான் நம் ஆட்கள் வீட்டுக்கே நீட்டிவிட்டார்கள்.

ஆனால் 44-ஆம் பிரிவு ஆளைத் தேடுவதற்கானது. இதை அக்கா வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் வைத்தே விளங்கிக்கொள்ளலாம். கட்டிலுக்கு அடியில் ஆள் படுத்திருக்கலாம், பரணில் பதுங்கியிருக்கலாம், குளியலறையில் நிற்கலாம். அங்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்ப்பதைக் குறை சொல்ல மாட்டேன். புடவை மடிப்புக்குள் வைத்த மஞ்சப்பையில் இருபத்து நான்கு வயதுப் பையன் ஒளிந்திருக்க முடியுமா? அந்தப் பையைத் தொட்ட கணத்தில் அவர்கள் ஆளைத் தேடுவதிலிருந்து பொருளைத் தேடுவதற்கு மாறிவிட்டார்கள். அதற்குச் சட்டத்தில் வேறு பிரிவு, வேறு நிபந்தனை. திருட்டு வழக்கில் அந்தப் பையனை உடனே கைது செய்ய அதிகாரம் இருந்ததா என்பதும் பேச வேண்டிய விஷயம்தான். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்பதை எழுதி வைக்க வேண்டும், அவசியம் இல்லையென்றால் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் அதை அழுத்திச் சொல்லியிருக்கிறது.

பொருளைத் தேடுவதற்கான கதவு 185-ஆம் பிரிவு, பழைய 165. நான் அதிகம் எழுத விரும்புவது இதைப் பற்றித்தான். நிலைய அதிகாரியோ விசாரணை அதிகாரியோ, வழக்குக்குத் தேவையான ஒரு பொருள் ஓர் இடத்தில் இருக்கிறது, மாஜிஸ்திரேட்டிடம் போய் வாரண்ட் வாங்கி வருவதற்குள் காலம் கடந்துவிடும் என்று நியாயமான காரணத்தோடு நம்பினால், தானே போய்ச் சோதனை போடலாம். ஆனால் கிளம்புவதற்கு முன்பே, ஏன் அப்படி நம்புகிறேன் என்பதைக் கேஸ் டைரியில் எழுத வேண்டும். எந்தப் பொருளைத் தேடப் போகிறேன் என்பதையும் முடிந்த மட்டும் குறிப்பிட வேண்டும். தானே போக முடியாமல் கீழ் நிலைக் காவலரை அனுப்பினால், அதற்கும் காரணத்தை எழுதி, இடத்தையும் பொருளையும் குறிப்பிட்டு எழுத்தில் உத்தரவு கொடுக்க வேண்டும். சோதனையைச் செல்போனிலாவது வீடியோ எடுக்க வேண்டும் என்பது 2024-இல் புதிதாகச் சேர்ந்த கட்டாயம். இப்படி எழுதியவற்றின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய சட்டத்தில் "உடனே" என்று மட்டும் இருந்தது. அந்த வீட்டில் குடியிருப்பவர் மனுப் போட்டால், மாஜிஸ்திரேட் அந்த நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைச் சொன்னால் முகத்தில் ஆச்சரியம் காட்டாத ஒருவரை இதுவரை என் மேசைக்கு எதிரில் நான் பார்த்ததில்லை.

இதோடு 103-ஆம் பிரிவும் சேர்ந்து வருகிறது. அந்தப் பகுதியில் குடியிருக்கிற, மரியாதைக்குரிய, சார்பற்ற இரண்டு பேரையாவது சாட்சியாகக் கூப்பிட வேண்டும். வீட்டுக்காரர் கூடவே இருந்து பார்க்கலாம். எடுத்த பொருள்களையும் அவை எங்கே கிடைத்தன என்பதையும் பட்டியல் போட்டுச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். பெண்ணின் உடலைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதைக் கிராமத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் வி.ஏ.ஓ.வும் தலையாரியும் ஸ்டேஷனுக்குப் போய், போகாத வீட்டில் பார்க்காத பொருளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். போலீஸை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனம் வரவில்லை. அன்று இரவு எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் விளக்கு அணைந்தது. அதில் ஒன்று என் வீட்டு விளக்கு.

ஏன் அணைத்தேன் என்று பிறகு யோசித்தேன். அரூருக்குப் பக்கத்தில் இருக்கிற வாச்சாத்தியைத் தெரியாதவர் இந்த மாவட்டத்தில் கிடையாது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்களின் வீடுகளுக்குள் புகுந்தார்கள். தானியத்தைக் கொட்டினார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், பதினெட்டுப் பெண்களை வன்புணர்வு செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துபோனார்கள். மீதி 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011-இல் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இடையில் ஓடியது 31 வருடம். அக்கா வீட்டில் நடந்ததை அதோடு ஒப்பிடுவது தவறு, நான் ஒப்பிடவில்லை. தேடுதல் என்ற சொல் நம் மாவட்டத்தில் காதில் விழுந்தாலே கை தானாக ஸ்விட்சுக்குப் போவது ஏன் என்பதற்காகச் சொன்னேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் உறவிலேயே ஒரு தலைமைக் காவலர் இருக்கிறார். "மாமா, கஞ்சா வீட்டுல இருக்குதுன்னு தகவல் வருது, நாங்க மாஜிஸ்திரேட் வீட்டுக் கதவத் தட்டிட்டு வர்றதுக்குள்ள அது அத்திப்பள்ளியத் தாண்டிடும்" என்றார். அவர் சொல்வது உண்மைதான். எல்லை மாவட்டத்தில் வாரண்டுக்காகக் காத்திருந்தால் பல வழக்குகளில் வெறும் வீடுதான் மிஞ்சும். அதனால்தான் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வாரண்ட் இல்லாமல் நுழைய விடுகிறது. ஆனால் அங்கேயும் வந்த தகவலை எழுதி வைக்க வேண்டும். சூரியன் மறைந்த பிறகு நுழைவதென்றால், வாரண்ட் வாங்கும் அவகாசம் ஏன் இல்லை என்பதையும் எழுத வேண்டும். நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். கர்நாடகப் போலீஸ் ஓசூர்ப் பக்கம் வந்து வீடு புகுந்தாலும் இதே கதைதான்: அவசரம் என்றால் வேறு ஸ்டேஷன் எல்லைக்குள் நுழைந்து சோதனை போடலாம், ஆனால் உள்ளூர் ஸ்டேஷனுக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டும், பட்டியலும் அனுப்ப வேண்டும். அதிகாரம் எவ்வளவு அவசரமானதோ அவ்வளவு எழுத்து வேலையையும் சட்டம் அதன் தலையில் கட்டியிருக்கிறது.

ரவுடிப் பட்டியலில் பெயர் இருப்பவர் வீட்டில் நள்ளிரவில் கதவைத் தட்டி "இருக்கானா, சும்மா பாத்துட்டுப் போக வந்தோம்" என்பது தனி வகை. அதை உச்ச நீதிமன்றம் 1962-இலேயே உத்தரப் பிரதேசத்தின் கரக் சிங் வழக்கில் செல்லாது என்று சொல்லிவிட்டது. கொள்ளை வழக்கில் சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டவர் அவர். ஆனாலும் இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். கேஸ் இல்லாமல், தேடும் பொருள் இல்லாமல், வெறும் கண்காணிப்புக்காக ஒருவர் வீட்டுக்குள் கால் வைக்கக் காவல்துறை விதி ஒன்று இடம் கொடுத்திருந்தது. அந்த விதியைத்தான் நீதிமன்றம் ரத்து செய்தது.

காகிதம் இல்லாமல் நடந்த சோதனைக்கு என்ன மதிப்பு? இங்கே நம் சட்டம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. காரணத்தை எழுதாமல் போட்ட சோதனை சட்டவிரோதமானது என்று ராஜஸ்தானைச் சேர்ந்த ரஹ்மான் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புகையிலை தொடர்பாக வந்த எக்சைஸ் அதிகாரிகளைத் தடுத்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து அவர் தப்பினார். ஆனால் சட்டவிரோதச் சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு பொருளைச் சாட்சியமாக ஏற்காமல் தள்ள வேண்டியதில்லை என்று 1973-இல் பூரண் மல் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. தவறான வழியில் வந்த பொருளும் கோர்ட்டுக்குள் வந்துவிடுகிறது என்றால், எழுதிவிட்டுக் கிளம்ப ஒரு எஸ்.ஐ.க்கு என்ன அவசரம் இருக்கப் போகிறது? ரஹ்மான் தப்பினார் என்பதற்காக யாரும் கதவை மறித்துக் கைகலப்பில் இறங்க வேண்டாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 353, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 132, அரசு ஊழியரைத் தாக்கித் தடுத்த வழக்காக அன்றைக்கே ஏறிவிடும். வழிவிட்டுவிட்டு, பெயரையும் பதவியையும் கேளுங்கள், எந்தக் குற்ற எண் என்று கேளுங்கள், வீடியோ ஓடுகிறதா என்று கேளுங்கள், போகும்போது பட்டியலின் பிரதியைக் கேளுங்கள்.

அக்காவுக்காக மூன்றாம் நாள் நான் ஒரு பக்க மனு எழுதினேன். 185-ஆம் பிரிவின்படி சோதனைப் பதிவுகளின் நகலை இலவசமாக வழங்கக் கோரும் மனு. கோர்ட்டில் கொடுத்தோம், அப்படி எதுவும் ஸ்டேஷனிலிருந்து வரவில்லை என்றார்கள். அன்று சாயங்காலமே ஸ்டேஷன் ரைட்டர் அக்காவுக்குப் போன் போட்டு, செல்போனைத் திருப்பி வாங்கிக்கொள்ள வரச் சொன்னார். நானும் கூடப் போனேன். மேசையில் மகஜர் தயாராக இருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி, இரவு பத்தரை மணி, எங்கள் தெருவில் நான் கேள்விப்பட்டே இராத இரண்டு சாட்சிகள். அன்றைக்கே பிரதி பெற்றுக்கொண்டதாக அக்கா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அக்கா பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்குத் தேதி போட்டுக் குடுங்க சார், இப்பவே போடறேன்" என்றார். ரைட்டர் காகிதத்தைத் திரும்ப வாங்கி மேசை டிராயரில் வைத்தார். செல்போனும் பாஸ்புக்கும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, எஸ்.பி. அலுவலகத்துக்கான மனுவை நேற்று எழுதி முடித்தேன்.